தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் அந்த ஒரு வேலை: தொழிலில் சங்கடத்தைத் தினசரி பழக்கமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொழில் செய்கிற யாரிடமாவது அவருடைய வேலைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரி மட்டும் திங்கட்கிழமைப் பக்கத்தில் இருக்கும், செவ்வாய்ப் பக்கத்திலும் இருக்கும், அடுத்த வாரத்துக்கும் போயிருக்கும். "அவரிடம் பாக்கி கேட்க வேண்டும்." "விலையை ஏற்றப் போவதைச் சொல்ல வேண்டும்." "ஆர்டரை நிறுத்திவிட்டவருக்குப் போன் செய்ய வேண்டும்." உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் மனம் வராது. அதற்குப் பதிலாக விசிட்டிங் கார்டின் நிறத்தை மாற்றுவதில் அரை நாள் போய்விடும்.

நானும் சில வருடங்கள் இப்படித்தான் ஓட்டினேன். விற்பனை நடந்துகொண்டிருந்ததால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பினேன். ஒரு மாதம் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் நின்றபோதுதான் கணக்கை விரித்துப் பார்த்தேன். பணம் எங்கும் தொலையவில்லை. மொத்தமும் வெளியே பாக்கியாக நின்றது. கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலே விட்ட பணம். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும், அதையொட்டித் தேடிப் படித்ததையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது போன்றவற்றை இதில் சேர்க்கவில்லை. பிடித்திருந்தால் செய்யுங்கள். ஆனால் நாலு மணிக்கு எழுந்த பிறகும் பாக்கிப் பட்டியலைத் திறக்காமலே இருக்க முடியும். தொழிலுக்கு உதவுகிற சங்கடம் வேறு வகை. நாம் தள்ளிப்போடுகிற வேலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கெட்ட செய்தி காத்திருக்க வாய்ப்பு இருக்கும். "வேண்டாம்" என்ற பதிலாக இருக்கலாம், பயமுறுத்தும் ஒரு தொகையாக இருக்கலாம், நம் வேலையைப் பற்றிய குறையாக இருக்கலாம். அந்தச் செய்தி இன்று வந்தால் ஏதாவது செய்ய முடியும். ஆறு மாதம் கழித்து வந்தால் பல நேரம் கை மீறிப் போயிருக்கும். தினமும் கொஞ்சம் சங்கடப்படுகிறவருக்கு மன உறுதி வளர்கிறதோ இல்லையோ, கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேர்கிறது. இவ்வளவு பாடும் அதற்காகத்தான்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்துவையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். செல்போனிலும் எழுதலாம், ஆனால் அதைத் திறந்தால் கவனம் வேறு எங்காவது போய்விடும் என்பதால் எனக்குத் தாள்தான் ஒத்துவந்தது. எந்த வேலையை நினைத்ததும் மனம் வேறு பக்கம் திரும்புகிறதோ, அதை எழுதுங்கள். அந்த நேரத்தில் அதற்குப் பதிலாக என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்த இரண்டாவது குறிப்புதான் கண்ணைத் திறக்கும். தொழில் செய்கிறவர்கள் சும்மா படுத்துக்கொண்டு வேலையைத் தள்ளிப்போடுவது அபூர்வம். இன்னொரு வேலையைச் செய்துகொண்டேதான் தள்ளிப்போடுகிறோம். சரக்கை அடுக்குகிறோம், மெயில்களுக்குப் பதில் எழுதுகிறோம், போட்டியாளரின் விளம்பரங்களை அலசுகிறோம். மாலையில் களைப்பும் வரும், "இன்று நிறைய வேலை" என்ற நிறைவும் வரும்.

வாரம் முடிந்ததும் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஐந்து இடங்களில் ஒன்றில் உங்கள் தயக்கம் குவிந்திருக்கும். பணக் கணக்கைப் பார்ப்பது, பாக்கியைக் கேட்பது, புதியவரிடம் போய் வியாபாரம் கேட்பது, விலகிப்போன வாடிக்கையாளரிடம் காரணம் கேட்பது, கூட வேலை செய்பவரிடம் குறையை முகத்துக்கு நேராகச் சொல்வது. மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்ட வேலைகளையும் ஒரு முறை பாருங்கள். அவர் உங்களைவிட நன்றாகச் செய்வார் என்று கொடுத்தீர்களா, அல்லது அந்தப் பக்கமே போகப் பிடிக்காமல் கொடுத்தீர்களா? பதில் உங்களுக்கே தெரியும்.

படி 2: சங்கடத்தையும் சேதத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள்

கஷ்டமாக இருப்பதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொண்டால் பெரிய ஆபத்தில் போய் முடியும். நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. வேலையை முடித்து அரை மணி நேரத்தில் மனம் லேசாகிவிட்டால் அது சங்கடம். முடித்த பிறகும் நாள் முழுக்க உறுத்தினால், தூக்கம் கெட்டால், உடம்பு தேய்ந்தால் அது சேதம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட விஷயம். அதை வெட்டித்தான் ஒரு பழக்கம் உருவாகும் என்றால் அந்தப் பழக்கமே வேண்டாம்.

மனசாட்சி உறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல நாக்கு கூசினால், அந்தக் கூச்சத்தைத் தாண்டப் பழகக் கூடாது. அது உங்களைக் காப்பாற்றுகிற கூச்சம்.

படி 3: ஒன்றே ஒன்றை எடுத்துச் சின்னதாக வெட்டுங்கள்

பட்டியலில் எட்டு இருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை? இன்னும் ஆறு மாதம் செய்யாமல் விட்டால் எது தொழிலையே நிறுத்திவிடுமோ, அதை. பெரும்பாலானவர்களுக்கு அது பணம் சார்ந்ததாக இருக்கும்.

அளவைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். என் கருத்து: உங்களுக்குக் காய்ச்சல் அடிக்கிற நாளில்கூட செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். "பாக்கியை எல்லாம் வசூலிப்பேன்" என்பது ஆசை. "தினமும் இருவருக்குப் போன் செய்வேன்" என்பது வேலை. இருபது நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டாக வெட்டுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. வேலையைத் தள்ளிப்போடுவதை நேர நிர்வாகக் கோளாறு என்று நினைக்கிறோம். ஃபியூஷா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் வேறு விளக்கம் தந்தார்கள். அந்த வேலையை நினைத்ததும் வருகிற பதற்றத்தை, அலுப்பை அப்போதைக்குத் தணித்துக்கொள்ளத்தான் தள்ளிப்போடுகிறோம் என்பது அவர்கள் வாதம். தள்ளிப்போட்டதும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே கூலியாகி, நாளைக்கும் தள்ளிப்போட வைக்கிறது. எனவே புதிய டைரியும் காலண்டர் செயலியும் மட்டும் உதவாது. வேலையின் அளவைக் குறைத்தால் பதற்றத்தின் அளவும் குறையும், அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

படி 4: நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவையுங்கள்

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு முறை இருக்கிறது. "இதைச் செய்வேன்" என்று முடிவெடுப்பதோடு நிற்காமல், "இது நடந்தால், உடனே இதைச் செய்வேன்" என்று வாக்கியமாக எழுதிக்கொள்வது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படித் திட்டமிட்டவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பதில் கணிசமாக முன்னால் இருந்தது தெரிந்தது.

உங்கள் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "காலையில் மேஜையில் உட்கார்ந்ததும், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன், பாக்கிப் பட்டியலில் முதல் இரண்டு பேருக்குப் போன் செய்வேன்." மேஜையும் உட்காருவதும் எப்படியும் தினமும் நடக்கிறவை. புதுப் பழக்கம் அவற்றின் தோளில் ஏறிக்கொள்கிறது.

காலை நேரம்தானா கட்டாயம் என்று கேட்பார்கள். மன உறுதி பேட்டரி மாதிரி, மாலைக்குள் தீர்ந்துவிடும் என்ற கருத்து வெகுகாலம் பிரபலமாக இருந்தது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதைச் சோதித்தபோது சொல்லும்படியான விளைவு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே உங்களுக்கு மதியம் மூன்று மணிதான் வசதி என்றால் மூன்று மணிக்கே வையுங்கள். காலையை நான் சொல்வதற்குக் காரணம் வேறு: அந்த வேலையைப் பற்றிய நினைப்பு நாள் முழுக்கக் கூடவே அலையாது.

படி 5: மூன்று முக்கியமான வேலைகளைச் செய்யும் முறை

முதலில் பணக் கணக்கு. தினமும் ஐந்து நிமிடம், மூன்று எண்களை எழுதுங்கள். இன்றைய கையிருப்பு, அடுத்த 30 நாளில் வெளியே போக வேண்டிய தொகை, அதே 30 நாளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்த தொகை. "வரலாம்" என்பதைச் சேர்க்காதீர்கள். அப்புறம் கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். 9 லட்சம் இருக்கிறது, மாதச் செலவு 4 லட்சம் என்றால், ஒரு காசுகூட உள்ளே வராவிட்டால் உங்கள் தொழில் இரண்டேகால் மாதம் நிற்கும்.

லாபமும் பணமும் ஒன்றல்ல என்பது இந்தப் பழக்கத்தில்தான் உறைக்கும். சரக்கு கொடுப்பவருக்கு 15 நாளில் பணம் தருகிறீர்கள், வாடிக்கையாளர் 60 நாளில் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 45 நாள். தினமும் 20,000 மதிப்புக்குச் சரக்கு வாங்கினால், 9 லட்சம் எந்நேரமும் உங்கள் கையை விட்டு வெளியே நிற்கும். வியாபாரம் இரண்டு மடங்கானால் 18 லட்சம். வளர்ந்துகொண்டே இருக்கும் தொழில், லாபத்தில் இருக்கும்போதே, பணமில்லாமல் மூச்சுத் திணறுவது இதனால்தான். இந்த எண்ணைத் தினமும் பார்க்கிறவருக்கு நெருக்கடி இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடும். பார்க்காதவருக்குச் சம்பள நாளில் தெரியும்.

இரண்டாவது, பாக்கி கேட்பது. பில்களை 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கும் மேல் என்று நான்காகப் பிரியுங்கள். பழைய பாக்கி வசூலாவது நாளாக ஆகக் கடினம் என்பதால், 60 நாளைத் தாண்டப் போகிறவர்களிடம் முதலில் பேசுங்கள். வார்த்தைகளை முன்பே எழுதிவையுங்கள். பேச்சு தடுமாறுவது தொடக்கத்தில்தான்.

"வணக்கம் சார். போன மாதம் அனுப்பிய பில் விஷயமாகப் பேசுகிறேன். நேற்றோடு கெடு முடிந்துவிட்டது. எந்தத் தேதியில் பணம் அனுப்ப முடியும் என்று சொன்னால் குறித்துக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" வேண்டாம், "கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான்" என்ற விளக்கமும் வேண்டாம். செய்த வேலைக்குப் பணம் கேட்கிறீர்கள். கேள்வி கேட்டதும் பேசாமல் இருங்கள். அந்த மூன்று நான்கு விநாடி மௌனம்தான் மொத்தத்திலும் கடினமான பகுதி. அதைத் தாங்க முடியாமல் "பரவாயில்லை சார், அடுத்த மாதம்கூடப் பார்க்கலாம்" என்று நாமே சொல்லிவிடுவோம். அவர் தேதி சொல்லட்டும். சொன்னதும் அந்தத் தேதியைக் குறுஞ்செய்தியாக அவருக்கே அனுப்பிவையுங்கள். பணம் தராத எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. பில் யாரோ ஒருவரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும், அல்லது அதில் ஒரு பிழை இருக்கும். கேட்டால்தான் அது தெரியும்.

மூன்றாவது, வாடிக்கையாளரை நேரில் சந்திப்பது. 2009இல் ஏர்பிஎன்பி நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, முதலீட்டாளர் பால் கிரஹாமின் தூண்டுதலில் அதன் நிறுவனர்கள் நியூயார்க் போய், தங்கள் தளத்தில் வீடு வாடகைக்கு விட்டவர்களின் கதவைத் தட்டினார்கள். தளத்தில் இருந்த வீட்டுப் படங்கள் மோசமாக இருந்தன. ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்து, தாங்களே வீடு வீடாகப் போய்ப் படமெடுத்தார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நிரல் எழுதுவதைவிட இது நிச்சயம் சங்கடமான வேலை. வருமானம் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

உங்களுக்கான வடிவம்: வாரத்துக்கு ஒருவர், உங்களை விட்டுப் போனவர். "திரும்ப வாருங்கள் என்று கேட்கப் போன் செய்யவில்லை. நாங்கள் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறேன்" என்று தொடங்குங்கள். அவர் சொல்வதற்குப் பதில் விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நியாயமில்லாத குறை என்று தோன்றினாலும் எழுதுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் அதையே சொன்னால் உங்களுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

ஊழியரிடம் குறை சொல்வதைப் பற்றி ஒன்று மட்டும். நடந்து ஒரு நாளுக்குள், தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சேர்த்துவைத்து ஒரே நாளில் கொட்டினால் அது கோபமாகத்தான் வெளியே வரும், அவருக்கும் எதைத் திருத்துவது என்று புரியாது.

படி 6: முதல் இரண்டு மாதங்களைத் தாண்டுவது

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பழகியது தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதுவும் அவர்கள் எடுத்துக்கொண்டவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்றவை. "வேண்டாம்" என்று கேட்கப் பழகுவதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும். இதே ஆய்வில் ஆறுதலான ஒன்றும் இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் விட்ட நாளுக்கு ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு செய்யாதீர்கள். வழக்கமான இரண்டு போன் போதும்.

வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கேட்லின் வூலி, ஆயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் மேடையில் உடனுக்குடன் நடிக்கக் கற்கும் மாணவர்களில் சிலரிடம், சங்கடமாக உணர்வதையே நோக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் மேடையில் துணிந்து முயன்றார்கள். "இது எனக்கு வராது" என்பதற்கான அறிகுறியாக வழக்கமாக எடுத்துக்கொள்கிற உணர்வை, "வேலை நடக்கிறது" என்பதற்கான அறிகுறியாக மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் இது உதவியது. போனை எடுக்கும்போது கை தயங்கினால், சரி, சரியான நம்பரைத்தான் எடுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

படி 7: முயற்சியை எண்ணுங்கள்

சுவரில் ஒரு காலண்டர், செய்த நாளுக்கு ஒரு கோடு. பணம் வந்ததா, ஆர்டர் கிடைத்ததா என்பதற்குக் கோடு போடாதீர்கள். அவை உங்கள் கையில் இல்லை, முதல் சில வாரங்களில் அவை வராமலும் போகலாம். போன் செய்தீர்களா என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

புதியவர்களிடம் வியாபாரம் கேட்பதை எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினமும் மூன்று பேர், மாதம் 25 வேலை நாள். மாதம் 75, வருடம் 900. முப்பதில் ஒருவர் சம்மதித்தால்கூட வருடத்தில் 30 புது வாடிக்கையாளர்கள். ஆனால் அந்த முப்பதுக்காக 870 முறை "வேண்டாம்" கேட்டிருப்பீர்கள். ஸ்பாங்க்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் உள்ளாடை நிறுவனத்தைத் தொடங்கிய சாரா பிளேக்லி அதற்கு முன் ஏழு வருடம் ஃபேக்ஸ் மெஷின்களை நேரில் போய் விற்றவர். சிறுவயதில், இந்த வாரம் எதில் தோற்றீர்கள் என்று அப்பா கேட்பார் என்றும், சொல்ல ஒன்றுமில்லாவிட்டால் அவர் முகம் வாடும் என்றும் அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் வெள்ளிக்கிழமைகளில் எனக்கே கேட்டுக்கொள்கிறேன்.

படி 8: ஏன் தினமும் இதே சங்கடம் என்று கேளுங்கள்

இதுவரை சொன்னதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரே சங்கடத்தை வருடக்கணக்கில் சகித்துக்கொண்டிருப்பது திறமை இல்லை. மூன்று மாதம் தினமும் பாக்கி கேட்டவருக்கு, யார் எப்போதும் தாமதம், எந்த வகை ஆர்டரில் தகராறு, எந்த பில்லில் பிழை என்று கைநுனியில் தெரிந்திருக்கும். அந்த அறிவை வைத்துத் தொழிலையே மாற்ற வேண்டும்.

டொயோட்டா தொழிற்சாலைகளில், குறையைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவி கேட்கலாம். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். பிறகு "ஏன்" என்று திரும்பத் திரும்ப, ஐந்து முறை வரை கேட்டு மூலத்துக்குப் போவார்கள். நீங்களும் அப்படிக் கேளுங்கள். இவர் ஏன் பணம் தரவில்லை? பில் தாமதமாகப் போனது. ஏன்? வேலை முடிந்த தகவல் கணக்குப் பார்ப்பவருக்கு வரவில்லை. ஏன்? அதைச் சொல்வது யார் பொறுப்பு என்று முடிவு செய்யவே இல்லை. மூன்று கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டது. வேலை முடிந்த அன்றே பில், பாதித் தொகை முன்பணம், கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பே நினைவூட்டல் என்று மாற்றினால், தினமும் செய்த இரண்டு போன் வாரத்துக்கு இரண்டாகக் குறையும்.

முன்பணம் கேட்பதும் ஒரு சங்கடம்தான். ஆனால் ஒரு வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு முறை, வேலை தொடங்கும் முன் படுகிற சங்கடம் அது.

அந்த வேலை அப்படிச் சுருங்கி, போனை எடுக்கும்போது நெஞ்சு படபடப்பதும் நின்றுபோன பிறகு, நோட்டை மறுபடி எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம், முதல் படியில் செய்ததைப் போலவே குறித்துவையுங்கள். இந்த முறை பட்டியலில் வேறு ஒரு வரி நகர்ந்துகொண்டிருக்கும்.